பனிக்குள் எறிந்த தாச்சி

ரூஜ், ரொறன்ரோ
12.11.2023

அன்பின் வேரோனிக்கா அக்காவுக்கு,

தங்கை றோஸ்மேரி எழுதுவது. மடுமாதாவின் காவலில் நானும் இவரும் மகனும் சுகமாக இருக்கிறோம். மன்னாரில் நீங்களும் ஜெயரட்ணம் அத்தானும் எப்படி? காது இன்னும் அப்படியேதானா? நான் போனில் கத்துவது ரூஜ் முழுவதற்கும் கேட்கிறது, மச்சாளுக்கு மட்டும் கேட்கவில்லை என்று இவர் சிரிக்கிறார். ஆகவே பேனையை எடுத்துவிட்டேன்.

நல்ல செய்திதான். றொய்சனுக்குக் கலியாணம் சரிவரப் போகிறது. பெண் பெயர் கனாயே. யப்பான்காரப் பிள்ளை. பக்கத்து மார்க்கம் நகரில் றொய்சனுடைய ஒபிசில்தான் வேலை. முதலில் எனக்கு நெஞ்சு திக்கென்றது, இப்போது அவள் வந்தால் இவனைவிட அவளுக்குத்தான் முதலில் சாப்பாடு போடுகிறேன். தை முடிந்ததும் பெண்ணின் தாய்தகப்பனைப் பார்க்க நாங்கள் போகிறோம். தக்கயாமா என்று மலைகளுக்கு நடுவே ஒரு பழைய ஊராம். நாலு நாள்தான். தெரு முழுக்க முந்நூறு வருஷத்துப் பலகை வீடுகள் என்று றொய்சன் படம் காட்டினான்.

கூடவே எச்சரிக்கையும் செய்தான். "அம்மா, அங்க எல்லாம் மரவீடு. ஹோட்டல் ரூமுக்குள்ள குக் பண்ணக் கூடாது. ப்ரொமிஸ் பண்ணுங்கோ" என்றான். நானும் மாதா படத்தில் கைவைத்துச் சத்தியம் பண்ணினேன். என்னை என்ன, போகிற இடமெல்லாம் அடுப்பு மூட்டுகிற ஆள் என்று நினைத்துவிட்டானா?

இருந்தாலும் சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாதல்லவா. பயத்தம்பணியாரம் இங்கே செய்துவிடுவேன். உங்கள் கையால் போட்ட மோர்மிளகாய் ஒரு பை வேண்டும். அவர்கள் வீட்டு அடுப்பிலேயே பொரித்துக் கொடுக்கலாம்.

அத்தானையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை
றோஸ்

---

மன்னார்
10.12.2023

அன்புள்ள றோஸ்,

கடிதம் கிடைத்தது. இரண்டு பேரும் உயிரோடிருக்கிறோம், அதற்குமேல் சுகம் கேட்காதே. காது அப்படியே. அத்தான் காலையில் பேப்பரை எனக்குச் சத்தமாக வாசிக்கிறார். ஒரு சொல்லும் கேட்பதில்லை. அவருக்கு ஆசையாயிருக்கிறது, வாசிக்கட்டும் என்று தலையாட்டுகிறேன்.

பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நாலு மாதக் குழந்தையாய் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, உன் மனுஷன் பேனாட் எனக்குப் போன் எடுத்து அழுதது இன்னும் மறக்கவில்லை. "மச்சாள், மடுவுக்குப் போய்ச் சொல்லுங்கோ, பிள்ளை தப்பினால் நான் சிகரட்டைத் தொடமாட்டன் எண்டு" என்றார். நான்தான் போய் மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தி வைத்தேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது கலியாணம்.

மோர்மிளகாயை, லீவில் ஊருக்கு வந்திருக்கிற மரியோவிடம் கொடுத்திருக்கிறேன். நத்தார் முடிந்து ரொறன்ரோ திரும்பும்போது கொண்டுவருவான். இந்த முறை உறைப்பு கூட. யப்பான்காரருக்கு முதலில் பாதி கொடு, உயிரோடிருந்தால் மீதியைக் கொடு.

நீ சத்தியம் பண்ணியதை வாசித்து நானும் அத்தானும் சிரித்தோம். கொழும்பு லொட்ஜில் குளியலறைக்குள் வைத்து மீன் பொரித்த ஆள் நீ.

அன்புடன்
வேரோனிக்கா

---

ரூஜ்
27.02.2024

அன்பின் அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

யப்பான் போய் வந்துவிட்டோம். ஊர் நல்ல வடிவு. பனி எங்கள் ரொறன்ரோப் பனி மாதிரி ஊத்தையாய்க் கிடப்பதில்லை. கறுத்த பலகை வீடுகள், தணிந்த கூரைகள், கூரை நிறைய வெள்ளை. தெருவின் இரண்டு பக்கமும் சின்ன வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பனியை அதற்குள் தள்ளுவார்களாம். முந்தி ஊர் பலமுறை எரிந்திருக்கிறது, அதனால் அங்கே எல்லோருக்கும் நெருப்பென்றால் பயம். கனாயேயின் தகப்பன் பெயர் நகாசே, வங்கியில் வேலைசெய்து ஓய்வெடுத்தவர். ஊர்த் தீயணைப்புப் படையில் தொண்டராக இருக்கிறார். நல்ல தன்மையான ஆள். தாயும் அப்படித்தான்.

இடையில் எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். அதனால் அதிகம் வெளியே போகவில்லை.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. வேறு விசேஷம் இல்லை.

அன்புத் தங்கை
றோஸ்மேரி

---

மன்னார்
20.03.2024

அன்புள்ள றோஸ்,

உன் காய்ச்சல் சுகமா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது, அத்தானுக்குப் பழைய கால்வலி.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வாய்க்கால் இருக்கிறது, கூரை இருக்கிறது. கலியாணத்துக்கு நாள் வைத்தார்களா என்று இல்லை. பெண்ணின் தாய் என்ன உடுத்தியிருந்தாள், என்ன சாப்பாடு போட்டாள் என்று இல்லை. நீ ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டு அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் இருந்தது இதுதான் முதல்முறை. என் மிளகாயைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அவ்வளவு உறைப்பா?

கடிதத்தின் அடியில் றோஸ்மேரி என்று முழுப்பெயரும் போட்டிருக்கிறாய். பாங்குக்கா எழுதுகிறாய்?

வேரோனிக்கா

---

ரூஜ்
08.04.2024

அன்பின் அக்காவுக்கு,

பாஸ்கு நல்லபடி போயிற்று. உங்களுக்கும் அத்தானுக்கும் எங்கள் பாஸ்கு வாழ்த்துகள். அத்தானின் காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

மிளகாயை விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள். உங்கள் மனம் நோகும் என்று எழுதவில்லை.

கலியாணம் யூலை 20, சனிக்கிழமை, இங்கே எங்கள் கோயிலில். கனாயேயின் தாய்தகப்பன் இரண்டு நாள் முந்தி வந்து எங்கள் வீட்டில் தங்குவார்கள். ஹோல் புக் பண்ணியாயிற்று. றொய்சன் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறான். கோயிலுக்குப் புறப்படுமுன் வீட்டில் முழங்காலில் நிற்கிற பிள்ளையின் நெற்றியில் தாய்தகப்பன் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார்களே, அதற்கு "சிலுவை நீங்கள் மட்டும் போட்டாக் காணும் அம்மா" என்கிறான். அப்பாவோடு அவனுக்கு ஏதோ கோபம். இளம் பிள்ளைகள், போகப்போக ஆறிவிடும்.

அன்புடன்
றோஸ்

---

ரூஜ்
09.04.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

பேனாட் எழுதுவது. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பிழைகள் இருந்தால் மன்னியுங்கள். நீங்களும் அத்தானும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

றோஸ் சாப்பிடுவது குறைவு. கோயிலுக்குப் போனால் கடைசி வாங்கிலில் இருக்கிறாள், நற்கருணை எடுக்கப் போவதில்லை. அவளுக்கு நீங்கள் ஏதும் ஆறுதலாக எழுத வேண்டும்.

நடந்தது இதுதான். யப்பானில் நாங்கள் நின்ற அறையில் நான் ஒரு சிகரட் பத்தினேன். மெத்தை எரிந்து, புகை எழும்பி, தீயணைப்புப் படை வந்துவிட்டது. சம்பந்திதான் முதலாவதாக வந்தார். ஊருக்கு முன்னால் அவருக்கு அவமானம். றொய்சனுக்காக வைத்த நேர்த்தியை நான் முறித்துவிட்டேன் என்று பிள்ளைக்குத் தாங்கேலாத கோபம். "உங்களுக்கு என்ர உயிர் ஒரு சிகரட்டுதானே அப்பா" என்றான். அதற்குப்பிறகு என்னோடு கதைப்பதில்லை. அவனில் பிழையில்லை.

நீங்கள் மடுவுக்குப் போனால் என் பேரில் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். என்ன காரியத்துக்கு என்று சொல்லத் தேவையில்லை. மாதாவுக்குத் தெரியும்.

இப்படிக்கு
பேனாட்

---

மன்னார்
02.05.2024

றோஸ்,

நாங்கள் சுகம்.

உன் கடிதமும் பேனாட்டின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மிளகாயைப் பறித்த கதை ஒன்றில். மெத்தை எரிந்த கதை மற்றதில். நீ மெத்தையைப் பற்றி எழுதவில்லை, அவர் மிளகாயைப் பற்றி எழுதவில்லை.

பேனாட்டின் தகப்பன் செத்த வீட்டில் ஆண்கள் எல்லோரும் முற்றத்தில் சிகரட் பத்திக்கொண்டு நின்றார்கள். யாரோ நீட்டியபோது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த மனிதர் யப்பானில் போய்ச் சிகரட் பத்தினாராம்.

மெழுகுதிரி நான் கொளுத்தவில்லை. என் மிளகாய் எங்கே?

வேரோனிக்கா

---

ரூஜ்
03.06.2024

அக்கா,

இரண்டு கிழமையாக இந்தக் கடிதத்தைத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். சுகம் விசாரிக்காமல் தொடங்குவதற்கு மன்னியுங்கள்.

முதல் நாள் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அந்த அம்மா சின்னச் சின்னக் கிண்ணங்களில் இருபது வகை வைத்தா. ஒவ்வொன்றிலும் ஒரு வாய்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாள் வேலை. நான் என் பணியார டப்பாவைத் திறந்தேன். பிளேனில் அடிபட்டு எல்லாம் மாவாகக் கிடந்தது. அந்த மனுஷி ஒரு கரண்டி எடுத்து அந்த மாவை அள்ளிச் சாப்பிட்டுத் தலையை வணங்கினா. எனக்கு உயிரே போனது. அடுத்த நாள் மத்தியானம் திரும்பவும் அங்கேதான் சாப்பாடு. அப்போதுதான் நாள் பேசுவதாக இருந்தது. வெறுங்கையோடு போவதா? அவர்களுடைய அடுப்பைக் கேட்கவும் வெட்கமாயிருந்தது. அன்று பின்னேரம் றொய்சனும் கனாயேயும் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்கள். பத்து மிளகாய் பொரித்து வைத்தால் போதும் என்று, கரண்டில் சுடுகிற சின்னத் தாச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். ஓம் அக்கா, கொண்டுபோயிருந்தேன். சத்தியம் பண்ணின அன்றே அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

இங்கே வீட்டுச் சீலிங்கில் ஸ்மோக் அலாரம் என்று ஒன்று பூட்டியிருக்கும். புகை பட்டால் கத்தும். நாங்கள் மிளகாய் பொரித்தால், மீன் பொரித்தால், அது கத்தாமலிருக்க, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை அதற்குப் போட்டுவிடுவோம். இங்கே நான் போகிற தமிழ் வீடுகளிலெல்லாம் அப்படித்தான். யோசிக்காமல் கை தன்பாட்டில் செய்கிற வேலை. அந்த அறையிலும் கதிரையில் ஏறித் தொப்பியைப் போட்டேன். இவர் கட்டிலில்லாத அந்த மெத்தையில் படுத்து, "வேண்டாம் றோஸ்" என்றார். இரண்டு தரம் சொன்னார்.

எண்ணெய் பற்றிக்கொண்டது. நான் பயத்தில் தாச்சியைத் தட்டிவிட, மெத்தையின் ஓரம் பற்றியது. இவர் கையாலும் போர்வையாலும் அடித்து அணைத்தார். தொப்பி போட்டபடியால் அறை அலாரம் கத்தவில்லை. புகை விறாந்தைக்குப் போனபிறகுதான் அங்கே இருந்தது கத்தத் தொடங்கியது. நான் பின் யன்னலைத் திறந்து, தாச்சியை வயரோடு பனிக்குள் எறிந்தேன். மிளகாய்ப் பையையும் எறிந்தேன். அந்த நேரத்திலும் மறைக்கத்தான் எனக்குத் தோன்றியது.

படியில் ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னுக்குத் தலைக்கவசத்தோடு வந்தவர் எங்கள் சம்பந்தி. நான் வாய் திறக்குமுன் இவர் எனக்கு முன்னால் வந்து நின்று, "ஐ ஸ்மோக். வெரி சொறி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்தில் நான் இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. திரும்ப அறைக்குள் போனபோது சீலிங்கில் தொப்பி இல்லை. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாருக்கோ தெரியும் என்பது மட்டும் தெரியும்.

இனித்தான் எனக்கு எழுதக் கை கூசுகிறது. நான் காய்ச்சல் என்று அடுத்த அறையில் படுத்துக்கொண்டேன். வெளியே சத்தம் கேட்டு யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். அந்த மனிதர் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பனி கொட்டக் கொட்ட, அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினார். கதவு திறந்ததும் இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்த ஊரில் நெருப்புப் பயம் வந்தால் அப்படிச் செய்ய வேண்டுமாம். செய்தி கேட்டுப் பக்கத்து ஊரிலிருந்து ஓடி வந்த கனாயேயும் பின்னால் நின்று குனிந்தாள். இவர் கோட்டுக்கூட இல்லாமல் ஓடிப்போய், அவர்களுக்குப் பின்னால் நின்று, தானும் குனிந்தார். வழுக்கி விழுந்தார். எழும்பித் திரும்பவும் குனிந்தார். யாருடைய ஆட்கள் என்று ஒரு கிழவர் கேட்டாராம். "எங்கட வீட்டு ஆக்கள்" என்று சொன்னாராம் சம்பந்தி. கனாயே பிறகு றொய்சனுக்குச் சொல்லியிருக்கிறாள்.

நான் சீலையை மூடினேன். அடுத்த நாள் சாப்பாட்டுக்கும் போகவில்லை.

திரும்பி வந்து ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வேன் என்று படுக்கிறேன். றொய்சனின் முகத்தைக் கண்டால் வாய் கட்டிப்போகிறது. இவரைக் கேட்டால், "விடு, அவனுக்குத் தாயும் இல்லாமப் போகக் கூடாது" என்கிறார். சித்திரையில் தக்கயாமாவில் பனி உருகிவிட்டது என்று றொய்சன் படம் காட்டினான். எனக்குத் தாச்சிதான் கண்ணுக்குள் நின்றது. யார் கண்டெடுத்திருப்பார்களோ.

இவரை விலத்தி நிற்கச் சொல்லிவிட்டு நான் எப்படிச் சிலுவை போடுவேன் அக்கா?

றோஸ்

---

மன்னார்
21.06.2024

றோஸ்,

உன் கடிதத்தை அத்தானுக்குக் காட்டவில்லை. வாசித்துவிட்டு எனக்கு உன் கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலிருந்தது. பிறகு நீ யன்னலில் நின்றதை நினைத்து அழுதேன். இரண்டும் உண்மை.

ஆனால் எனக்கு எழுதி என்ன? நான் செவிடி. காது கேட்கிறவனிடம் போய்ச் சொல்.

பதில் எழுத வேண்டாம். சொல்லிவிட்டு எழுது.

அக்கா

---

ரூஜ்
28.07.2024

அன்பின் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்களையும் அத்தானையும் நல்ல சுகத்தோடு காணட்டும். உங்கள் கடிதம் கலியாணக் கிழமைதான் வந்து சேர்ந்தது. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

சொல்லிவிட்டேன். நானாக நல்ல மனதோடு சொன்னேன் என்று நினைக்காதீர்கள்.

வியாழன் பின்னேரம் சம்பந்திமார் வந்தார்கள். இவரும் றொய்சனும் விமான நிலையம் போய்க் கூட்டிவந்தார்கள். இரண்டு பேரும் வழிமுழுக்க ஒரு சொல் கதைக்கவில்லையாம். நான் காலையிலிருந்து கட்லட், றோல்ஸ் என்று பொரித்துக்கொண்டிருந்தேன். இவர் பெட்டிகளை இறக்க வீட்டுக்கு முன்னால் டிரைவேயில் நிற்க, மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். அந்த மனிதர் குசினி வாசலில் நின்று எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். நிமிரும்போது அவருடைய கண் சீலிங்குக்குப் போனது.

தொப்பி அங்கே இருந்தது, அக்கா. காலையில் என் கை தன்பாட்டில் போட்டது. நீலப்பூப் போட்ட தொப்பி. அங்கே போட்டதும் அதே பெட்டியில் வாங்கினதுதான்.

அவர் அதை ஒரு கணம்தான் பார்த்தார். உடனே தன் காலுறையைப் பார்க்கத் தொடங்கினார். முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் கை காற்சட்டைப் பைமேல் போய்த் தடவியது. அந்தத் தொப்பியை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தது யார் என்று எனக்கு அப்போது விளங்கியது. அவர்தான். ஐந்து மாதமாக அவருக்குத் தெரியும். இப்போதும் அவர் எனக்காகத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கதிரையை இழுத்து ஏறினேன். றொய்சன், "அம்மா, என்ன செய்யிறியள், முழங்கால் நோகும், இறங்குங்கோ" என்று ஓடி வந்தான். தொப்பியைக் கழற்றி அவனிடம் நீட்டினேன்.

"அங்கயும் இதைத்தான் போட்டனான்," என்றேன். "அப்பா சிகரட் பத்தேல்லை. நான்தான் மிளகாய் பொரிச்சனான். அவர் நேர்த்தியை முறிக்கேல்லை, றொய்சன்."

அவன் தொப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும். கனாயே தகப்பனிடம் மெல்ல ஏதோ கேட்டாள். அவர் சொன்னதை எங்களுக்குச் சொன்னாள். அறைக்குள் காலடி வைத்ததுமே அவருக்கு இருமல் வந்ததாம், மூன்று நாள் தொண்டை எரிந்ததாம், சிகரட் புகை அப்படி எரிக்காது என்று அவருக்குத் தெரியுமாம். ஆனால் ஒரு மனிதன் மனைவிக்காகத் தன் நல்ல பெயரைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது, அதில் வேறொருவர் கைபோடக் கூடாது என்று பேசாமலிருந்தாராம். நான் கதிரையில் நின்றபடியே அவருக்குக் கைகூப்பினேன். அவர் குனிந்தார். நான் இறங்கிக் குனிந்தேன். அவர் திரும்பவும் குனிந்தார். யார் நிறுத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தாச்சியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நிமிர்ந்தபோது றொய்சன் அங்கே இல்லை. யன்னலால் பார்த்தேன். வெறுங்காலோடு டிரைவேயில் ஓடிப்போய்த் தகப்பனுக்கு முன்னால் முழங்காலில் நின்றான். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு கையிலும் பெட்டி. மகனைப் பார்த்தார், பிறகு யன்னலில் நின்ற என்னைப் பார்த்தார். இந்தமுறை நான் சீலையை மூடவில்லை. ஓமென்று தலையாட்டினேன். ஒரு பெட்டியை மட்டும் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையால் அவனுடைய நெற்றியில் சிலுவை போட்டார்.

என்னோடு றொய்சன் இரண்டு நாள் கதைக்கவில்லை. சம்பந்தி அம்மாதான் என்னோடு குசினியில் நின்று, பாஷை தெரியாமலே வெங்காயம் வெட்டித் தந்தா.

சனிக்கிழமை காலை, கோயிலுக்குப் புறப்படுமுன், அவன் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் முழங்காலில் நின்றான். இவர் சிலுவை போட்டார். என் முறை வந்தது. கை எழும்பவில்லை, அக்கா. எவ்வளவு முயன்றும் எழும்பவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவன் நிமிர்ந்து பார்க்காமலே என் கையைப் பிடித்துத் தன் நெற்றிக்குக் கொண்டுபோனான்.

"கெதியாப் போடுங்கோ அம்மா," என்றான். "நேரம் போகுது."

வெட்கத்தோடும் அன்போடும்
றோஸ்